ஒத்த ஆள் வரிசை

குற்றாலத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் பிள்ளைகளின் கையில் என் போன் நம்பரை எழுதிவிடுவது என் வழக்கம். பேனாவால் எழுதினால் சாரலிலேயே அழிந்துவிடும் என்று, பார்சல் கடையில் அட்டைப்பெட்டி மேல் எழுதுவார்களே, அந்த மார்க்கர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சின்னவளுக்கு ஒன்பது வயது. கேட்காமலே கையை நீட்டிவிடுவாள். பெரியவள் பத்தாம் வகுப்பு முடித்தவள். அந்தச் சனிக்கிழமை அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உன் நம்பர் எனக்கு மனப்பாடம்மா. நான் மயங்கி விழுந்தாத்தான் எழுதி வச்சது வேணும்."

"மயங்கி விழுந்துட்டா?"

"வாப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்."

அவள் வாப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். நான் அவள் கையை இழுத்து எழுதிவிட்டேன்.

அவர் வாயைத் திறக்காததற்கு வேறு காரணம் இருந்தது. துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தவர், திங்கட்கிழமை ராத்திரி திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். அதே திங்கட்கிழமைதான் பெரியவளைத் தென்காசிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கக் கடைசி நாள். அச்சன்புதூர் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் அவள் கேட்கிற பாடப்பிரிவு கிடையாது. அந்தப் பள்ளிக்கு எங்கள் பக்கத்திலிருந்து வேனும் கிடையாது. டவுன் பஸ் ஒன்றுதான். கூடப் போவதாக இருந்த அடுத்த தெருப் பிள்ளை திருநெல்வேலியில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். போனால் இவள் தனியாகத்தான் போக வேண்டும், தனியாகத்தான் வர வேண்டும்.

"இங்கன இருக்கப் போறவ நீ. நீயே முடிவு பண்ணு. நான் பிளேன் ஏறுததுக்குள்ள பண்ணிரு" என்று அவர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரமும் நான் 'பார்ப்போம்' என்ற ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவள் முதல் வாரம் கெஞ்சினாள், இரண்டாவது வாரம் அழுதாள். மூன்றாவது வாரம் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் சாரல் முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஆட்டோ பிடித்துக் குற்றாலம் போய் இறங்கினால், அருவியில் வெள்ளம். பாலத்துப் பக்கமே கயிறு கட்டி, போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி ஆட்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்த தலையோடு வந்த வெளியூர்க்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னவள் முகம் தொங்கிப்போனது. ஆட்டோக்கார அண்ணாச்சிதான் யோசனை சொன்னார். "பக்கத்துல ராட்டினம், ரயிலு எல்லாம் போட்டு ஒரு பார்க்கு வந்திருக்குல்லா. அங்கன விட்டுட்டு அஞ்சரைக்கு வந்து ஏத்திக்கிடுதேன்."

அருவிக்கு வந்த கூட்டம் பூராவும் அதே யோசனையோடு அந்தப் பார்க்கில்தான் இருந்தது.

பிள்ளைகள் இரண்டு பேரும் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். கம்பிப் பாதையில் ஏறி, வளைந்து, தலைகுப்புறப் பாய்கிற மாதிரி இறங்குமே, அந்த ரயில். கீழே நின்று பார்த்தபோதே நான் சின்னவளை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அதன் வாசலில் இரண்டு வரிசை. ஒன்று பாம்பு மாதிரி நாலு மடக்கு மடங்கி நின்றது. மற்றதில் ஆறேழு பேர்தான். அந்த ஆறேழு பேரும் பெண்கள்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யாரும் போர்டைப் படிப்பதில்லை. சேலை எங்கே நிற்கிறதோ அங்கே நாங்கள் போவோம், அவர் அந்தப் பக்கம் போவார், குளித்து முடித்து யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அதே பழக்கத்தில், "நீங்க அங்கன போங்க, வெளிய வார எடத்துல பாப்போம்" என்றேன். அவரும் அதே பழக்கத்தில் மறுபேச்சில்லாமல் அந்த நாலு மடக்கு வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டார். நான் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சின்ன வரிசையில் நுழைந்தேன். லேடீஸ் வரிசை சீக்கிரம் நகருகிறது என்று சந்தோஷம் வேறு.

வாசலில் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் நின்று ஆளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். பேச்சில் பாதி மலையாளம். கேரள எல்லைப் புளியறைப் பக்கம் போலிருக்கிறது. எங்கள் முறை வந்ததும் ஒரு விரலைக் காட்டினாள்.

"ஒரு ஆளு மதி, சேச்சி. ஒரே ஒரு ஆளு."

"நாங்க மூணு பேரும்மா. சேர்ந்து வந்திருக்கோம்."

"சேர்ந்து இருக்கணும்னா அந்த வரிசை. இது ஒத்த ஆளு வரிசை. எங்க ஒரு சீட்டு மிச்சம் வருதோ அங்க ஒருத்தர். யாரு பக்கத்துல கிடைக்கும்னு பறயான் பற்றில்ல, சொல்ல முடியாது."

பிறகுதான் புரிந்தது. ரயிலில் இரண்டிரண்டு பேராக இருக்க வேண்டும். குடும்பமாக வருகிறவர்கள் மூன்று பேர், ஐந்து பேர் என்று வந்தால் ஒரு இடம் மிஞ்சும். அந்த மிச்ச இடத்துக்கு ஆள் போடத்தான் இந்த வரிசை. முன்னால் நின்ற கல்லூரிப் பெண்கள் சீக்கிரம் முடியட்டும் என்று பிரிந்து பிரிந்து ஏறியவர்கள். எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். பக்கத்து ஊர் இலஞ்சிக்காரி என்று அவளே சொன்னாள்.

"எக்கா, எங்க வீட்டுல அத்தனைக்கும் பயம். அங்கன பெஞ்சுல வரிசையா உக்காந்திருக்கு பாருங்க. எனக்கு இது மூணாவது ரவுண்டு."

மழைக்கோட்டுப் பெண் சின்னவளை அளவுக் கம்பத்தில் நிறுத்திப் பார்த்தாள். இந்த உயரத்துக்குப் பக்கத்தில் பெரிய ஆள் இல்லாமல் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டாள். சின்னவள் அதைக் கேட்டதும் கம்பித் தடுப்புக்குக் கீழே குனிந்து நுழைந்து, ஓடிப்போய் வாப்பாவோடு நின்றுகொண்டாள். அவர் அங்கிருந்து, என்ன நடக்கிறது என்று கையை விரித்துக் கேட்டார்.

"வா, நாமளும் அங்கன போயிருவோம்" என்றேன் பெரியவளிடம்.

"மணி நாலு ஆகப்போவுதும்மா. அந்த வரிசையில நின்னா நாம ஏறவே முடியாது. நான் இங்கனயே ஏறுதேன்."

"யாரு பக்கத்துலயோ எப்படி ஒக்காருவ?"

அவள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "பஸ்ஸுக்கும் இதத்தான் சொல்லப் போறியாம்மா?"

இந்த இடத்தில் நான் அன்றுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்திவிட்டேன். கேட்கிறவர்களிடமெல்லாம் 'எங்க வீட்டுல விடல' என்றே சொல்லியிருக்கிறேன். என்னைக் கட்டிய மாப்பிள்ளையிடமும் பிள்ளைகளிடமும் அதுதான். ஆனால் நடந்தது அது இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு என்னோடு பஸ்ஸில் வருவதாக இருந்த பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணிவிட்டார்கள். என் வாப்பா, "அதனால என்ன, நீ போயிட்டு வா" என்றுதான் சொன்னார்கள். பையில் சோற்று டப்பாவை வைத்துக்கொண்டு மூன்று நாள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். பஸ் வரும். உள்ளே அத்தனையும் தெரியாத முகமாக இருக்கும். காலைத் தூக்கிப் படியில் வைக்க முடியவில்லை. மூன்று நாளும் பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. நாலாவது நாள் நானாகவே, "துணைக்கு ஆளில்ல, நான் போகல" என்று சொல்லிவிட்டேன். வாப்பா மௌத்தாகி, அடக்கம் பண்ணி வருஷங்கள் ஆகின்றன. அவர்கள் பேரில் பழியைப் போட்டு நான் பாட்டுக்கு இருந்துகொண்டிருந்தேன்.

"என்ன சேச்சி, ஆளு வருதா இல்லயா?" என்றாள் மழைக்கோட்டுப் பெண்.

"பொம்பளைங்க பக்கத்துல பாத்து இருக்கச் சொல்லும்மா" என்றேன்.

"நல்லாயிருக்கே" என்று இலஞ்சிக்காரி பின்னாலிருந்து சிரித்தாள். "ஆள் பாத்து ஒக்கார வைக்க இது என்ன பொண்ணு பாக்குத எடமா எக்கா? மூணு நிமிசத்துல எறங்கிருவா. விடுங்க."

"போ" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஆனால் சொல்லிவிட்டேன்.

அவள் எங்கள் துணிப்பையை ரயிலடிப் பலகையில் வைத்துவிட்டு ஓடினாள். கடைசிக்கு முந்தின பெட்டி. பக்கத்தில் ஒரு பையன், கல்லூரி போகிற வயசு, கறுப்பு பனியன், கையில் ஏதோ பச்சை குத்தியிருந்தது. கம்பி இறங்கி இரண்டு பேர் மடியிலும் அமர்ந்தது. ரயில் கிளம்பியது. அவளைக் கூட்டிக்கொள்ள வெளிவாசலுக்கு ஓடிவிட வேண்டும் என்று நான் திரும்பினேன். இலஞ்சிக்காரி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போறீய? அடுத்தது நீங்கதான்."

"நான் ஏற வரலங்க. பிள்ளைக்காக நின்னேன்."

"பிள்ள ஏறியாச்சு. நீங்க எதுக்கு இன்னும் நிக்கீய?"

அடுத்த ரயில் வந்து நின்றிருந்தது. மழைக்கோட்டுப் பெண் என்னைப் பார்த்து அவசரமாகக் கையை ஆட்டினாள். "சேச்சி, பெரிய ஆளு ஒண்ணு வேணும். வேகம் வரணும், சீக்கிரம்." ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். சின்னதைத் தன்னோடு முன்னால் வைத்துக்கொண்டாள். பின்னால் பெரியது, எட்டு வயசு இருக்கும், ரெட்டைச் சடை, தனியாக உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் பெரிய ஆள் இல்லாமல் ரயிலை விட முடியாது.

படியில் காலை வைத்தேன். எப்படி வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன்.

முன்னாலிருந்த தாய் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வைதான். பிறகு, "எக்கா, பிள்ளயக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றாள்.

என்னிடம் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த என்னிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க ஏறியிருக்கீங்களா ஆன்ட்டி?" என்றது பிள்ளை.

"ஓ, எத்தனையோ தடவ" என்றேன்.

"உங்க கூட யாரும் வரலையா?"

"வந்திருக்காங்க. வேற வேற எடத்துல இருக்காங்க."

மேலே ஏற ஏற மலை தெரிந்தது, மேகம் தெரிந்தது, தென்னந்தோப்பு தெரிந்தது. அதன் பிறகு நான் கண்ணைத் திறக்கவில்லை. என் கையை அந்தப் பிள்ளை பிடித்திருந்ததா, அதன் கையை நான் பிடித்திருந்தேனா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும், "ஒண்ணுமில்ல, இந்தா முடிஞ்சுட்டு, இந்தா முடிஞ்சுட்டு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைக்குச் சொன்னேனா, எனக்குச் சொன்னேனா, அதுவும் தெரியாது. நின்றதும் அந்தத் தாய் திரும்பி, "அழுதாளா?" என்று கேட்டாள். "அவ அழல" என்றேன்.

வெளிவாசலில் பெரியவள் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தவள் அவள்தானே. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம்மா! நீயா ஏறுன? நீயேவா?"

"உன் பக்கத்துல இருந்த பையன் ஏதும் பேசுனானா?"

"அத ஏன் கேக்க! பாதியிலயே 'எம்மா, எறக்கி விடச் சொல்லு'ன்னு ஒரே கத்து. நீ பயப்பட வேண்டியதயும் சேத்து அவனே பயந்துட்டான்."

ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அவள் வாப்பாவும் சின்னவளும் இன்னும் மூன்றாவது மடக்கில்தான் நின்றார்கள். எங்களைப் பார்த்து, 'அதுக்குள்ளயா?' என்று கையால் கேட்டார். அவர்கள் ஏறி இறங்கி வர ஐந்தரை தாண்டிவிட்டது. வெளியே ஆட்டோக்கார அண்ணாச்சி ஹாரன் அடித்தே ஓய்ந்துபோயிருந்தார்.

ஆட்டோ இலஞ்சி தாண்டியபோது நான் சொன்னேன். "திங்கக்கெழம காலையில தென்காசிக்குப் போயி இவளச் சேத்துட்டு வந்திருவோம். அதுக்குப் பொறவு நீங்க ஏர்போர்ட்டுக்குக் கெளம்பலாம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பஸ்ஸு?"

"பஸ்ஸுலதான். தனியாத்தான்."

"நீதான சொல்லுத? பொறவு மாத்திற மாட்டியே?"

"மாத்த மாட்டேன்." அதோடு விடாமல், சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "என்னய எங்க வாப்பா படிக்க விடலன்னு சொன்னேம்லா. அது பொய். போகச் சொன்னாங்க. நாந்தான் பயந்துக்கிட்டுப் போகல."

ஆட்டோச் சத்தத்தில் சின்னவளுக்குக் கேட்டிருக்காது. பெரியவளுக்குக் கேட்டது. அவள் துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

பள்ளி திறந்த அன்று பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். மார்க்கரை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ரோஸ் கலர் பூசிய டவுன் பஸ் வந்தது. நிற்கவும் இடமில்லாத கூட்டம். ஒரு முகம்கூடத் தெரிந்த முகமில்லை. அவள் படியில் ஏறி உள்ளே நகர்ந்தாள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், யார் எவர் என்று கேட்காமல், "இங்க கொண்டாம்மா" என்று அவள் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 'கொஞ்சம் பாத்துக்கிடுங்க' என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் வந்து இறங்குகிறவரை பயந்துகொண்டேதான் இருந்தேன். மறுநாளும் அனுப்பினேன்.