வெண்கட்டிச் சுவர்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், தொண்ணூறுகளில் கல்முனையில் சொந்தக் கட்டடம் கட்டி, என் நெல் வியாபாரக் கந்தோரை அங்கே மாற்றினேன். திட்டம் முழுதும் என்னுடையதுதான். பழைய இடத்துக்கு வந்த விவசாயிகள் புது இடத்துக்கும் வருவார்களா என்பது மட்டும்தான் பயம்.

உள்ளே அறைக்குப் பலகைத் தடுப்பு அடிக்கக் காரைதீவிலிருந்து ஒரு தச்சர் வந்தார். மெலிந்த ஆள், காதில் பென்சில், கையில் வெண்கட்டி. எதையும் முதலில் நிலத்தில் முழு அளவில் வரைவார். வரைந்த கோட்டை மிதிக்கமாட்டார். அங்கே சுவர் இருப்பதுபோலச் சுற்றித்தான் போவார்.

நான் கேட்ட தனியறையையும் எட்டடி முதிரைமர மேசையையும் வரைந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியத் திறப்புவிழா. அவசரத்தில் கோட்டைக் கடந்தேன்.

"முதலாளி, சுவருக்குள்ளால வாறீங்க! கதவால வாங்க."

சிரித்தபடி கதவால் போனேன். மேசைக் கோட்டுக்குப் பின்னால் கதிரை போட்டு என்னை இருத்தினார்.

"இப்ப நெல் கொண்டு வாற மனிசன் எங்க நிக்கிற?"

மேசைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"வெளியில நிக்கட்டுமே."

"அவர் அடுத்த கடைக்குப் போயிருவார். நீங்க மேசையோட கதைச்சிட்டு இரிங்க."

கோபம் வந்தது. ஆனாலும் நல்லதை உடனே பிடித்துக்கொள்ளும் மூளை எனக்கு. அறையே வேண்டாம் என்று மேசையை முன்வாசலுக்கு நேரே போட்டேன். திறப்பன்று விவசாயிகள் மேசையைச் சுற்றி நிறைந்துவிட்டார்கள்.

"ஆர்ர யோசினை ஹாஜியார்?" என்றார் ஒருவர்.

"என்ட யோசினைதான்."

மூலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த தச்சர், "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

கோடுகளைக் கழுவி எத்தனையோ வருஷம். இன்றைக்கும் அந்த இடத்தில் தச்சர் கதவு வரைந்திருந்த பக்கத்தால்தான் நான் போய் வருகிறேன்.