மூர்பாக் மாவட்டம், ஸ்ட்ரெதம் கிளை

மொழிபெயர்ப்பாளனிடம் ஒரு கடிதம் வந்து சேர்வது, வீட்டிலுள்ள அத்தனை பேரும் அதைப் பார்த்துப் பயந்து முடிந்த பிறகுதான். அந்நிய நாட்டு அரசாங்கக் கந்தோர்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள், ஆகவே விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை, லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எனக்கு ஒரு அறை இருந்தது. மூன்று கதிரை, ஒரு தட்டச்சு இயந்திரம், கீழேயிருந்து படியேறி வரும் கருவாட்டு மணம். ஜேர்மன் கடிதங்களைத் தமிழில் சொல்வதும், ஜேர்மன் பத்திரங்களை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பதும் தொழில்.

ஜேர்மன் மொழியை எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்று சிலர் மரியாதையாகக் கேட்பார்கள். எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு ஓடி ஜேர்மனியில் இறங்கிய எங்களில் ஒரு கூட்டத்தை, மூர்பாக் என்ற நாட்டுப்புற மாவட்டத்துக்கு அனுப்பி, மூடிக்கிடந்த பழைய விடுதி ஒன்றில் இருத்தினார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. மூன்று வருடம் அறிவித்தல் பலகைகளையும் உள்ளூர்ப் பத்திரிகையையும் வாசித்தேன். அதுதான் என் பல்கலைக்கழகம். பிறகு கலியாணம் கட்டி லண்டன் வந்தேன். அந்த விடுதிக்காரர் பலரும் எப்படியோ ஒவ்வொருவராக இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு நான் 'ஜேர்மன் அண்ணை'.

சிவப்புக் கோடு

அறைச் சுவரில் மூர்பாக் மாவட்டத்தின் வரைபடத்தை ஒட்டியிருந்தேன். வடக்கே காடு, தெற்கே சீனிக்கிழங்கு வயல், நடுவே அந்த ஊர்க்காரர் ஆறு என்று மரியாதையாகச் சொல்லும் ஒரு வாய்க்கால். மாவட்டத்தின் எல்லையைச் சிவப்புப் பேனாவால் நானே சுற்றிவரக் கீறியிருந்தேன். அலங்காரத்துக்கு அல்ல. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை மாவட்டத்தைவிட்டு வெளியே காலடி வைக்கக்கூடாது என்பது அங்கே எங்களுக்கு விதித்த சட்டம். போவதென்றால் மாவட்டக் கந்தோரில் அனுமதித் துண்டு வாங்க வேண்டும். அதனால் அந்தக் கோடு எந்த வயலுக்குள்ளால் போகிறது, எந்தப் பாலத்தில் திரும்புகிறது என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

லண்டனில் அந்த வரைபடம்தான் எனக்கு ஆட்களைப் பிடித்துத் தந்தது என்று சொல்லலாம். வருகிறவர்கள் கதிரையில் இருக்கமாட்டார்கள். நேரே சுவருக்குப் போய், தாங்கள் இருந்த விடுதியையும் பஸ் நின்ற சந்தியையும் கறுத்தப் பாண் வாங்கிய பேக்கரியையும் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். எப்போது விட்டுத் தொலைவோம் என்றிருந்த இடத்தை இவ்வளவு ஆசையாகத் தடவுகிறார்களே என்று எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, ஆள் இல்லாத நேரங்களில் நானும் தடவிப் பார்க்கத் தொடங்கினேன். மினிகாப் டாக்சி ஓட்டும் சிவம் அண்ணை ஒருநாள் வரைபடத்துக்கு முன்னால் கனநேரம் நின்றுவிட்டுச் சொன்னார்: "லண்டன் முழுக்க ஓடித் திரியிறன், எங்கை போறாய் எண்டு ஒரு குருவியும் கேக்கிறேல்லை. உந்தக் கோட்டைக் கண்டா மட்டும் கால் இப்பவும் பிறேக்கிலை போகுது."

பிஸ்கட் பேணி

தேவராசாவும் மனைவி மலரும் என் அறைக்கு வந்தது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபரில். தேவராசா பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்து அந்தச் சட்டையுடனேயே வந்திருந்தான். மலர் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பேணியை எடுத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு கடித உறை, ஒட்டியது ஒட்டியபடி. மூலையில் காட்டுப்பன்றியும் கோதுமைக் கதிரும், மூர்பாக் மாவட்டச் சின்னம். அந்தப் பன்றியைக் கண்டால் எங்கள் விடுதிக்காரர் எவருக்கும் உறையைத் திறக்கப் பயம். எப்போது வந்தது என்று கேட்டேன். ஜூலையில் என்றாள். மூன்று மாதம் உடைத்துக்கூடப் பார்க்கவில்லை! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கடிதத்தை ஊறுகாய் போடுற ஆக்களை இண்டைக்குத்தான் காணுறன்" என்று சீறிவிட்டு உறையை உடைத்தேன்.

வாசித்து முடித்தபோது என் கோபம் போன இடம் தெரியவில்லை. மூர்பாக்கில் இருந்த காலத்தில் இவர்களுக்கு வாணி என்றொரு பெண்குழந்தை பிறந்து, பத்தொன்பது நாளில் இறந்துபோனது. ஓபர்ஹைன் என்ற கிராமத்துச் சவக்காலையில் அதை அடக்கம் செய்தார்கள். அந்த நாட்டில் கல்லறை நிரந்தரமல்ல. குறித்த வருடங்கள் முடிந்ததும் நிலத்தைத் திருப்பி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கிராமத்தில் குழந்தைகளுக்குப் பத்து வருடம். வாணியின் பத்து வருடம் முடிந்துவிட்டது. செப்டெம்பர் முடிவதற்குள் பெற்றோர் விண்ணப்பித்தால் இன்னும் பத்து வருடம் விடுவார்கள், இல்லையென்றால் நவம்பரில் அடையாளத்தைப் பிடுங்கி நிலத்தை மட்டமாக்கிவிடுவார்கள். அன்றைக்கு ஒக்டோபர் பன்னிரண்டு.

சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னேன். மலர் அழவில்லை. புருஷன் பக்கம் திரும்பி, "பொலிஸ் கடிதம் எண்டு சொல்லித்தானே ஒளிச்சு வைச்சனீங்கள். உள்ளுக்கை இருந்தது எங்கடை பிள்ளை" என்றாள்.

ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?

பொலிஸ் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல, மாவட்டத்தின் சரித்திரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு அங்கே மூர்பாக், அல்டென்டால் என்று இரண்டு சின்ன மாவட்டங்கள் இருந்தன. நாங்கள் போவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், நிர்வாகச் சிக்கனம் என்று இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அல்டென்டால்காரர் அதை மன்னிக்கவே இல்லை. எங்கள் பேக்கரிக்காரர் கடைப் பலகையில் பழைய மாவட்டத்தின் பெயரைத்தான் வைத்திருந்தார். மூர்பாக்கிலிருந்து வருகிறவருக்கு முந்தினநாள் பாணைக் கொடுப்பார் என்றும் ஒரு கதை இருந்தது. ஒன்றாக்கியபோது ஓரத்திலிருந்த பிர்க்ஹைம் என்ற சிறு பட்டினத்தைப் பக்கத்து மாவட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரி அந்தப் பட்டினத்தில்தான் இருந்தது. ஊர்க்காரருக்கு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை, வழக்கம்போல் பஸ் ஏறிப் போவார்கள். எங்களுக்கோ ஆறு கிலோமீற்றரில் இருந்த ஆஸ்பத்திரி கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

குழந்தைக்கு மூச்சு முட்டியது ஒரு சனிக்கிழமை. தாயையும் பிள்ளையையும் அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. தேவராசாவுக்குத் துண்டு வேண்டும், கந்தோர் திறப்பது திங்கட்கிழமை. அவன் ஞாயிறு பஸ் ஏறினான். எல்லைப் பலகை தாண்டிய முதல் நிறுத்தத்தில் பொலிஸ் ஏறிக் கடதாசி கேட்டது. அவனை இறக்கி, வாசிக்கத் தெரியாத ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, விடுதியில் கொண்டுவந்து விட்டார்கள். அந்தத் தாள் இன்னும் மூர்பாக் கந்தோரில் கிடக்கிறது, ஒருநாள் தன்னைத் தேடி வரும் என்று பத்து வருடம் நம்பியிருந்தான். பன்றி போட்ட உறை வந்ததும் வந்துவிட்டது என்று நினைத்தான். என் அறையில் வைத்து இதைச் சொல்லும்போது அவன் வரைபடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "திங்கக்கிழமை துண்டு கையிலை கிடைச்சது எட்டரைக்கு, அண்ணை. பிள்ளை போனது ஆறு மணிக்கு."

மிஞ்சிய உறை

அவர்களை இருத்தி வைத்துக்கொண்டே, உறையில் இருந்த பன்றியை நம்பி மூர்பாக் மாவட்டக் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தேன். ஐந்து பேர் கைமாற்றி, ஆறாவது ஆள் சொன்னார், சவக்காலை கிராமத்தின் அலுவல், மாவட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. நல்லகாலம், அன்றைக்கு வியாழக்கிழமை. ஓபர்ஹைன் கிராமக் கந்தோர் செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் திறக்கும். திருமதி வேபர் என்ற அம்மையார் எடுத்தார். தவணை முடிந்தது உண்மைதான், ஆனால் குழி வெட்டுகிறவர் இன்னும் வேலை தொடங்கவில்லை, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நாளைக்குள் ஃபாக்ஸ் அனுப்பினால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். லண்டன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். சவக்காலைக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்கு மலர் வருடா வருடம் கிறிஸ்மஸுக்கு நத்தார் அட்டை அனுப்புவாளாம். சைவக்காரி, தன் வீட்டில் நத்தார் கொண்டாடாதவள், பத்து வருடம் தவறாமல் அனுப்பியிருக்கிறாள்.

எனக்கு இன்னொன்று தெரியாமல் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. கிராமத்துக் கடிதத்தில் மாவட்டத்துப் பன்றி ஏன்? திருமதி வேபர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "எங்கள் உறைகள் முடிந்துவிட்டன. மாவட்டக் கந்தோரில் மிஞ்சியதைத் தந்தார்கள், வீணாக்குவானேன் என்று அதில் போட்டேன்."

கந்தையாவின் கல்

பெயரைக் கேட்டார். கடிதத்தில் 'உங்கள் குழந்தை' என்று மட்டும்தான் இருந்தது. வாணி தேவராசா என்றேன். தாள் புரட்டும் சத்தம் கேட்டது. அப்படியொரு குழந்தை எங்கள் சவக்காலையில் இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்தே மலருக்கு விளங்கிவிட்டது. நிலத்தை மட்டமாக்கிவிட்டார்களோ, ஆள் மாறிவிட்டதோ என்று எனக்கும் பயம் வந்தது. திடீரென்றுதான் பொறி தட்டியது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனின் பெயரை முன்னால் வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். குடும்பப் பெயர் இல்லாமல் அந்த நாட்டில் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. பதிவு செய்தவர் தேவராசாவின் கடதாசியில் இருந்த தகப்பன் பெயரான கந்தையாவைக் குடும்பப் பெயராக்கி, பிள்ளையின் தலையிலும் கட்டியிருப்பார். "கந்தையா என்று பாருங்கள்" என்றேன். ஒரு நிமிடம் கழித்து வந்தது பதில்: இருக்கிறது, மூன்றாவது வரிசை, கிராமம் பிறகு நட்ட சின்னக் கல், வாணி கந்தையா.

அத்தனை நேரமும் குனிந்திருந்த தேவராசா அப்போதுதான் நிமிர்ந்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். "ஐயாவின்ரை பேரிலை ஜேர்மனியிலை கல்லு நிக்குது. அவர் ஊரிலை இருந்து சுருட்டுப் பத்துறார்!"

கையெழுத்து

விண்ணப்பத்தை நான் அடித்து முடித்ததும் மலர் உடனே கையெழுத்துப் போட்டாள். தேவராசா பேனாவைத் தொடவில்லை. இது பிள்ளைக்கானது, பொலிசுக்கு அல்ல என்று இரண்டு தரம் சொன்னேன். தெரியும் என்றான். ஆனால் கை வரவில்லை. கடைசியாக ஜேர்மன் தாளொன்றில் கையெழுத்திட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதானே. பிறகு மலர் ஒரு வேலை செய்தாள். விண்ணப்பத்தை என்னிடம் நீட்டி, தமிழில் வாசிக்கச் சொன்னாள். வரிவரியாக வாசித்தேன். 'எங்கள் மகள் அங்கேயே இருக்க அனுமதி கேட்கிறோம்' என்ற வரி வந்ததும், அவன் கையை நீட்டித் தாளை வாங்கினான். பக்கத்துப் பிரயாண முகவரின் கடையில் ஃபாக்ஸ் போகும்வரை மெஷினை விட்டு அசையவில்லை. "இந்த முறை என்ன எழுதியிருக்கெண்டு தெரிஞ்சு வைக்கிறன், அண்ணை" என்றான்.

மூர்பாக் மக்கள் ஒன்றியம்

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் மனோர் பார்க் முருகன் கோயிலில் ஒரு பூசை. விடுதிக்காரர் ஏழெட்டுப் பேர் அன்னதான வரிசையில் சந்தித்துக்கொண்டோம். மலரின் கடிதம் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பேச்சு எங்கெங்கோ போய், யாருடைய கிராமத்து அப்பிள் நல்லது என்ற சண்டையில் முடிந்தது. லண்டனில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஊர்ச்சங்கம் இருக்கிறதே, எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று யாரோ தொடக்கினார்கள். மோர் குடித்து முடிவதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால், தலைவர் அல்டென்டால் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவரா, மூர்பாக் பக்கத்தவரா என்பதில் ஒன்றியம் இரண்டாக உடைந்தது. சிவம் அண்ணை தட்டுடன் எழும்பினார்: "ஜேர்மன்காரன் கஷ்டப்பட்டு ஒண்டாக்கினதை அஞ்சு நிமிசத்திலை பிரிச்சுப்போட்டம்."

பலகை

நவம்பர் தொடக்கத்தில் பதில் வந்தது. இன்னும் பத்து வருடம். இந்த முறை உறையில் பன்றி இல்லை, ஓபர்ஹைன் கிராமத்தின் சின்ன மணிக்கூண்டு இருந்தது. திருமதி வேபர் புது உறை வாங்கிவிட்டார் போலும். அடுத்த வசந்தத்தில் இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்ததும், மலர் கண்ணாடி வளையல் இரண்டு வாங்கிக்கொள்ள, இருவரும் ஓபர்ஹைனுக்குப் புறப்பட்டார்கள். இருந்திருந்தால் பத்து வயதுப் பிள்ளை போடும் அளவு.

திரும்பி வந்து தேவராசா என் அறைக்குத் தனியே வந்தான். முதல்முறையாக வரைபடத்துக்குப் போனான். கிராமத்தைத் தொடவில்லை. பிர்க்ஹைமிலிருந்து ஓபர்ஹைனுக்கு வரும் வீதியில், சிவப்புக் கோடு குறுக்கே போகும் இடத்தில் விரலை வைத்தான். "இதிலைதான் காரை நிப்பாட்டினன். பாஸ்போர்ட்டைக் கையிலை பிடிச்சுக்கொண்டு அரைமணித்தியாலம் பலகைக்குக் கீழை நிண்டன். ஒருத்தரும் வந்து கேக்கேல்லை, அண்ணை."

அவன் போன பிறகு ரப்பர் எடுத்து அந்த இடத்தை மட்டுமாவது அழிக்கப் பார்த்துத் தோற்ற நான், இவ்வளவு வருடத் தொழிலில் படித்தது ஒன்றே ஒன்றுதான்: எல்லை கீறுகிறவன் பென்சிலால் கீற வேண்டும்.