வந்துட்டேன் என்பது எந்தக் காலம்?

“முன்னலுவலக உதவியாளர்: மெல்லிய குரலில் பேசுபவர். தொலைபேசி அழைப்புகளை உரியவருக்கு இணைப்பவர். பிற பிரிவுகளின் வேலையில் தலையிடாதவர்.” அச்சகத்தின் பணியாளர் பதிவேட்டில் போன் அக்காவைப் பற்றி இப்படித்தான் இருக்கிறது. எழுதியவர் அவரைப் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. அக்காவின் குரலுக்குத் தொலைபேசி என்பது வெறும் அலங்காரம்.

புதிய அச்சு இயந்திரத்தை ஓடவைக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். ஆறு மாதம் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். இலக்கணத்தில் ஒரு பிழை காண முடியாது. அதனாலேயே அவருக்கு இங்கே எதுவும் புரியவில்லை. சோதனை ஓட்டத்துக்கு எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், மெஷின்மேன் மூவரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் நிற்கவேண்டும். இரண்டு நாளாக அது நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் அக்காவின் மேசைக்கு வந்தார்.

“எலக்ட்ரீஷியன் வந்துவிட்டதாகக் கூறினார். கதவுக்குப் பின்னாலும் பார்த்தேன். அவர் காணப்படவில்லை.”

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

“மேடம், ‘வந்துட்டேன்’னா வந்துட்டாருன்னு அர்த்தமில்ல.”

“அது இறந்தகாலம் அல்லவா?”

“உங்க புத்தகத்துல. இங்க அது எதிர்காலம். ‘இதோ வந்துட்டேன்’னா செருப்பு மாட்டறாரு. ‘வந்துட்டே இருக்கேன்’னா குளிச்சாச்சு. ‘கிளம்பிட்டேன்’னா, இப்பதான் எந்திரிச்சிருக்காரு.”

“அப்படியானால் இவர்கள் பொய்யர்களா?”

“ஐயோ, பொய்யில்ல மேடம். இன்னும் கிளம்பலன்னு சொல்ல மனசு கேக்காது. மனசு முதல்ல வந்துடும். உடம்பு பின்னாடி வரும்.”

பொறியாளர் சிரிக்கவில்லை. “மாலைக்குள் ஓடாவிட்டால் இயந்திரத்தைப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பும்படி எனக்கு உத்தரவு.”

பழைய இயந்திரம் படுத்து ஒரு மாதம் ஆகிறது. புதியதும் போனால் அச்சகத்துக்குப் பூட்டுதான்; அக்கா உட்படப் பதினெட்டுப் பேரும் வேலை தேடிக் கிளம்ப வேண்டியதுதான்.

அக்கா எலக்ட்ரீஷியனின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். “வந்துட்டீங்களான்னு கேட்டா வந்துட்டேன்னுதான் சொல்லுவாங்க. இப்படிக் கேளுங்க” என்று ஒரு சீட்டை நீட்டினார்.

பொறியாளர் எழுத்துக்கூட்டிப் படித்தார்: “அண்ணே, பக்கத்துல என்ன தெரியுது?”

மறுமுனையில் எலக்ட்ரீஷியன் தடுமாறினார். “பக்கத்துலயா மேடம்? ...கண்ணாடி.”

“எந்தக் கண்ணாடி?”

“ஷேவிங் கண்ணாடிங்க.”

“பாதி மீசையோட வந்தாலும் பரவால்ல, வாய்யா!” என்று அக்கா போட்ட சத்தத்தில், வாசலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த ஃபிட்டர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஓடி வந்தார். அடுத்து அழைத்த மெஷின்மேனுக்குப் பக்கத்தில் தெரிந்தது அவர் மனைவி. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னார் அக்கா. மீதியை மனைவி பார்த்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மூவரும் இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். எலக்ட்ரீஷியனின் காதோரம் இன்னும் நுரை.

மதியம் முதலாளி போனில் பதறினார்: “மெஷின் ஓடுதா மேடம்?” இயந்திரத்தின் பாதி பாகங்கள் அப்போது தரையில் கிடந்தன. பொறியாளர் முழங்கை வரை கிரீஸோடு, கண் இமைக்காமல் சொன்னார்:

“இதோ ஓடிடுச்சு சார்!”

அக்கா எழுந்து நின்று கைதட்டினார். மூன்றேகாலுக்கு அது நிஜமாகவே ஓடியது. முதல் தாளை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். ஃபிட்டர் போட்ட விசில் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இயந்திரம் வந்த பெட்டியின் பலகைகளைப் பொறியாளரே வெளியே இழுத்துப் போட்டார்.

அன்று போன் அக்கா மூன்று பேரை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கவைத்தார். அச்சகம் பூட்டப்படவில்லை.