கண்டிக் காட்டு நீலப் பறவை

ராசிபுரத்தில் சேலைகளுக்குக் கொடியும் அன்னமும் வரைந்து கொடுப்பவர் மணியன். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஓர் இழை. ஒரு மூக்கை மாற்றினால் பாதித் தாளை மறுபடி எண்ணியாக வேண்டும். அப்படிப்பட்டவருக்கு 1936-ல் கண்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சென்னியப்பன் கடிதம் போட்டார். இலங்கைக் காட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை ஒன்று முந்தியில் வேண்டுமாம். நீல உடம்பு, நீண்ட வால். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மணியன் வரைந்து அனுப்பினார். தலை நீலமில்லை, செம்பழுப்பு என்று பதில் வந்தது. இறக்கை ஓரமும் அப்படியேயாம். மாற்றினார். அலகும் காலும் சிவப்பு, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம் என்றது அடுத்த கடிதம். மாற்றினார். வால் நுனி வெள்ளை என்பது அதற்கும் அடுத்ததில்தான் தெரிந்தது.

"இதையெல்லாம் மொதக் கடுதாசியிலயே எழுத அவருக்கு மை தீந்துபோச்சாக்கும்," என்று பென்சிலை வீசினார்.

தறியில் இருந்த மனைவி சாரதாமணி நிமிரவில்லை. "ஏனுங்க, அவரு அந்தக் குருவியக் கண்ணுல பாத்திருக்காரான்னு கேளுங்க."

கேட்டு எழுதினார். பார்த்ததில்லையாம். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினாராம். கூடவே புதிய குறை ஒன்று. தீவு என்றதும் மணியன் பறவையைத் தென்னையில் உட்கார வைத்திருந்தார். அது கடற்கரைப் பக்கமே வராதாம். ஓயாமல் மழை பெய்யும் மலைக்காட்டில், அடர்ந்த மரங்களுக்கிடையே நாலைந்தாகக் கூடித் திரியுமாம். காட்டை அழித்துத் தேயிலை வைத்த இடத்தை எட்டியும் பார்க்காதாம்.

மழைக்காட்டை மணியன் எங்கே கண்டார்? பல்லைக் கடித்துக்கொண்டு சேந்தமங்கலம் போய், ஐப்பசி மழையில் கொல்லிமலை ஏறினார். அட்டை கடித்தது. தாள் நனைந்தது. மரத்தைச் சுற்றிய கொடிகளை மனத்தில் ஏற்றிக்கொண்டு சளியும் காய்ச்சலுமாக வீடு திரும்பினார்.

ஏழாவது தாளைச் சென்னியப்பன் ஒத்துக்கொண்டார். சாரதாமணி நெய்த சேலை கண்டியில் பிடித்துப்போய், இன்னும் முப்பது வேண்டுமென்று கடிதம் வந்தது. மணியன் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அவருக்கு எரிச்சல் வேறு விதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வாசல் வேம்பில் மைனா வந்து உட்கார்ந்தால், காலின் நிறத்தைப் பார்க்காமல் இருக்க அவரால் முடிவதில்லை. மஞ்சள்தான் என்று உறுதியானதும், தன்னையே திட்டிக்கொண்டு சாப்பிடப் போவார்.