வெர்னாவின் ஐந்து பிறந்தநாட்கள்

அமெரிக்காவில் ஈரி நகரத்து வெர்னா ஓல்ஷெவ்ஸ்கிக்கு வருஷத்தில் ஐந்து பிறந்தநாள். உண்மையானது நவம்பரில் வரும். மற்ற நான்கையும் ஹென்னெபெரி பான்கேக் கடைக்காக அவளே உண்டாக்கிக்கொண்டாள்.

அந்தக் கடையின் பிறந்தநாள் கிளப்பில் சேர்ந்தவர்களுக்குப் பிறந்தநாளன்று ஒரு தட்டு பான்கேக் சும்மா கிடைக்கும். வெர்னா தன் பெயரில் ஒருதரம் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் ஒருதரம், ஓர் எழுத்தை மாற்றி ஒருதரம். அப்புறம் செத்துப்போன மாமியாரையும் சேர்த்துவிட்டாள்.

"எங்கம்மாவை ஏண்டி இதுல இழுக்கிற?" என்றான் புருஷன் ஜீன்.

"உயிரோட இருந்தப்ப எனக்கு ஒரு வாய் காப்பி குடுத்திருப்பாளா? இப்பவாவது வாங்கித் தரட்டுமே."

ஐந்தாவது உறுப்பினர் ஸ்டான்லி. அது வீட்டு நாய்.

அவள் ஒன்றும் திருட்டுப் பொம்பளை இல்லை. வாழ்நாளில் பாதியைப் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக் கழித்தவள். பின் சீட்டில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமலே ஒரு அதட்டலில் உட்கார வைக்கும் குரல். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கும் வேலை இல்லை, அவளுக்கும் வேலை இல்லை. பான்கேக்தான் பொழுதுபோக்கு.

ஒரு குளிர்காலத்தில் யாரோ அந்தக் கடையின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, கிளப்பில் இருந்தவர்களின் விவரங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். பெயரிலும் பிறந்தநாளிலும் அத்தனை பொய் சொன்ன வெர்னா, சேரும்போது கேட்ட பேங்க் கார்டு நம்பரை மட்டும் உண்மையாகக் கொடுத்திருந்தாள். அந்த நம்பரை வைத்து அரிசோனாவில் எவனோ ஒரு நீச்சல் குளமே வாங்கிவிட்டான்.

அது அவளுக்குத் தெரிய வந்தது ஈஸ்டருக்கு முந்தின நாள். மளிகைக் கடையில் பன்றித் தொடையும் முட்டையும் வெண்ணெயும் கல்லாவில் வைத்து கார்டைச் செருகினால், மெஷின் முடியாது என்றது. மறுபடி செருகினாள். மறுபடியும் முடியாது. பின்னால் வரிசை நீண்டது. "பாவம், கஷ்டம் போல," என்று யாரோ கிசுகிசுத்தார்கள். வெர்னா எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து அழுதாள். பேங்க் பின்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கிசுகிசுப்பை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாகச் சேர்த்து வக்கீல்கள் ஒரே வழக்காகப் போட்டார்கள். மறு வருஷம் சமரசம் ஆயிற்று என்று வெர்னாவின் வீட்டுக்கு ஐந்து கவர் வந்தது. ஜீன் ஒன்றைப் பிரித்துப் படித்தான்.

"ஆளுக்கு ஒரு கூப்பன். அடுத்த தடவை அங்க போனா பான்கேக் பாதி விலை."

"வக்கீலுங்களுக்கு?"

"முப்பது லட்சம் டாலர்."

"அவங்களுக்கு மட்டும் ஏன் பணம்? அவங்களும் பான்கேக் திங்கட்டும்!"

"நீ பேசாம அஞ்சு கூப்பனையும் வாங்கு. ஸ்டான்லிக்கு ப்ளூபெர்ரி பிடிக்கும்."

"ஜீன், வாயை மூடு."

சமரசம் சரியில்லை என்று நினைப்பவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பெரும்பாலோர் கண்ணில் படாத இடம். வெர்னா தன் சொந்தப் பெயரில் எழுதிப் போட்டுவிட்டு, சாவுக்குப் போடும் கறுப்பு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

நீதிபதி ஹேவர்ஸ்டாக் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். "சொல்லுங்க, திருமதி ஓல்ஷெவ்ஸ்கி. மைக் இருக்கு."

"எனக்கு மைக் வேணாங்க," என்றாள் வெர்னா. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுக் கதவைத் திறந்து போட்டு என் பொருளைத் திருட விட்டவன், மறுபடி எங்க வீட்டுக்கே சாப்பிட வாங்க, பாதி காசு குடுத்தா போதும்னா, அது நஷ்ட ஈடா விளம்பரமா? கூப்பன் அவ்வளவு நல்லதுன்னா வக்கீலுங்க ஃபீஸையும் அதுலயே குடுங்க."

சிரிப்பு எழுந்தது. கம்பெனி வக்கீல் டிரே மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்தார்.

"அம்மா, உங்க விலாசத்துல அஞ்சு உறுப்பினருங்க. ஏப்ரல் ஒண்ணாந்தேதி பிறந்த ஸ்டான்லி ஓல்ஷெவ்ஸ்கி யாரு?"

வெர்னாவுக்குக் காது வரை சூடேறியது. ஜீன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

"எங்க நாய்ங்க."

"மிஸ்டர் டிரே," என்றார் நீதிபதி, "உங்க கம்பெனி ஒரு நாய்க்கு வருஷா வருஷம் பான்கேக் போட்டிருக்கா?"

"இப்பத்தான் தெரிய வந்துச்சு, நீதிபதி அவர்களே."

"திருமதி ஓல்ஷெவ்ஸ்கி, நீங்க குடுத்த விவரத்துல அஞ்சுக்கு நாலு பொய்யின்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"பான்கேக் விஷயத்துல நான் செஞ்சது தப்புதாங்க. ஆனா திருடன் கையில அவ்வளவு பொய்யையும் சேர்த்துக் குடுத்து அனுப்பினது நான் ஒருத்திதான். கார்டு நம்பர்ல ஏமாந்துட்டேன். ஈஸ்டர் சாமானை வச்சுட்டு வரிசையை விட்டு வெளிய வந்தேனே, அதுக்குக் கூப்பன் எதுக்குங்க?" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தில் மட்டும் பஸ் குரல் காணாமல் போயிருந்தது.

நீதிபதி கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு கூப்பன் சமரசத்தை ஏற்க முடியாது, பணமாகப் பேசிக்கொண்டு வாருங்கள் என்று இரு தரப்பையும் திருப்பி அனுப்பினார். வெர்னா பக்கம் திரும்பி, "நீங்க ஒரே ஒரு மனு போடுங்க. ஒண்ணே ஒண்ணு," என்றார்.

வக்கீல்களின் ஃபீஸ் குறைந்தது. வெர்னாவுக்கு ஒரு செக் வந்தது. பெரிய தொகை இல்லை. அதில் ஜீனுக்கு ஒரு ஜோடி பனிக்கால பூட்ஸ் வாங்கினாள். ஹென்னெபெரி அவளை, மாமியார் உட்பட, கிளப்பிலிருந்து நீக்கியது.

செய்தி ஊரில் பரவிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சர்ச் கூடத்தில் மீன் பொரியல் விருந்து நடக்கும்போது, ஜனங்கள் இப்போது இதே மாதிரி வழக்குகளில் தங்களுக்கு வந்த கவர்களோடு வெர்னாவின் மேஜைக்கு வருகிறார்கள். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சின்ன எழுத்தைப் படித்துச் சொல்கிறாள். போன வாரம் பக்கத்துத் தெரு கிளாரன்ஸ் ஒரு மெத்தைக் கம்பெனி மேல் போட்ட வழக்கின் சமரச அறிவிப்பை நீட்டினான்.

"இவங்ககிட்ட மெத்தை வாங்கினியா?"

"வாங்கல. வாங்கின மாதிரி எழுதினா ஆச்சு. உனக்குத் தெரியாததா?"

"கிளாரன்ஸ்," என்றாள் வெர்னா, கூடமே திரும்பிப் பார்க்கும் குரலில், "மீன் ஆறுது. போய்ச் சாப்பிடு."