கொண்டியில்லாத கதவு

காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் முதலில் பார்த்தது, அக்காவின் கொட்டகைக் கதவில் இரண்டு பூட்டுகள். முந்திய மாலை ஒன்றுதான் இருந்தது. அது அக்காவுடையது, பித்தளை, சிறியது. இப்போது அதே வளையத்தில் அதற்குப் பக்கத்தில் இரும்புப் பூட்டு ஒன்று தொங்கியது. உள்ளங்கை அகலம். மேல் வளைவில் சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தது. தோட்டத்து உரக் களஞ்சியத்தின் பூட்டுகள் எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு உண்டு.

கொட்டகை எட்டடிக்கு ஆறடி. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் நிற்கிறது. கம்புகளை நட்டது அக்கா. தகரம் அடித்ததும் அக்கா. கதவு முக்கால் அங்குலப் பலகை, வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒரு மம்பட்டி, மருந்தடிக்கும் டாங்கி ஒன்று, பழைய பெட்டிப் பலகைகளால் செய்த தட்டுகளில் விதை உருளைக்கிழங்கு. கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஓடையோரத்துத் துண்டு நிலத்தில் அக்கா கிழங்கு போடுவாள். பாத்தி தயாராக இருந்தது. முளை ஓர் அங்குலத்தைத் தாண்டியிருந்தது. இன்னும் நீண்டால் நடும்போது ஒடியும். ஒரு வாரத்தில் மண்ணுக்குள் போகாவிட்டால் அந்தப் போகம் இல்லை.

பத்து நாட்களுக்கு முன்பு ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. லயத்துப் பின்புறக் கொட்டகைகள் விறகுக்கு மட்டும். வேறு எதற்கும் பயன்படுத்தினால் தோட்டத்தின் தேவைக்கு எடுத்துக்கொள்ளப்படும். அக்கா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு வந்தாள் என்று பக்கத்துக் காம்பரா அண்ணன் என்னிடம் சொன்னார். நான் பதுளையில் ஒரு பத்திரிகைக்கு வேலை செய்கிறேன். முந்திய நாள், வெள்ளிக்கிழமை மாலைதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தேன்.

அக்கா தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தாள். பூட்டைப் பார்த்தாள்.

“நாம உள்ள பேசிக்கிட்டு இருக்கயிலேயே போட்டுட்டுப் போயிருக்காங்க தம்பி.”

படம் எடுத்துக்கொள்கிறேன், தொழிற்சங்கத் தலைவரிடம் காட்டலாம் என்றேன்.

“எடு. எடுத்துட்டு அந்தத் தேங்கா கீறுற கத்தியக் கொண்டா.”

பூட்டுகள் கோத்திருந்த வளையம் கதவில் இருந்தது. அதன் மேல் மடிந்து விழும் கொண்டி, பக்கத்துக் கம்பத்தில் மூன்று திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. மலிவான கொண்டி; ஆணித் தலைகள் வெளியே தெரியும். அக்கா கத்தி முனையால் மூன்றையும் கழற்றினாள். கதவு திறந்தது. பிறகு வளையத்தையும் கழற்றினாள். கொண்டி, வளையம், சின்னப் பூட்டு, பெரிய பூட்டு நான்கும் ஒரே கொத்தாக அவள் கையில் இருந்தன. கொழுந்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் புறப்பட்டாள். ஆறரைக்கு ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம் அது. நானும் பின்னால் போனேன்.

வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை மேசைக்குப் பின்னால் நின்றார். நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் லயத்தில் இருந்தவர். அக்கா கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“ஒங்க பூட்டுங்க ஐயா. வழி தெரியாம என் கொட்டகையில வந்து தொங்குச்சு. கொண்டாந்துட்டேன்.”

வரிசையில் சிரிப்பு எழுந்தது.

“இதக் கழட்டச் சொன்னது யாரு?”

“ஒங்க பூட்ட நான் தொறக்கவே இல்லைங்க. என் கொண்டியத்தான் கழட்டுனேன். கொண்டி நான் வாங்குனது.”

“அது வெறகுக் கொட்டகை. வெறகுக்கு எதுக்கும்மா பூட்டு?”

“நானும் அதத்தாங்க கேக்குறேன். வெறகுக்கு எதுக்கு ஆபீஸ் பூட்டு?”

“வெறகு எந்திரிச்சு ஓடிருமோன்னு பயந்திருப்பாங்க” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “அடுத்த வாரம் அதுல ஒரம் எறக்கணும். தொரை சொல்லியாச்சு. உள்ள இருக்கறத எடுத்துரு” என்றார். தொரை என்றால் தோட்ட மேலாளர். கொத்தை எடுத்துப் பின்னால் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். அக்கா கேட்டது சின்னப் பூட்டை மட்டும். “இங்கேயே இருக்கட்டும்” என்றார்.

புதிய கொண்டி ஒன்றை இன்னும் நீளமான ஆணிகளோடு அடிக்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினாள். கீழ் லயத்தில் ஒருவருடைய ஆட்டுக் கொட்டகையில் முன்பு இதே மாதிரிச் சிவப்புப் பூட்டு விழுந்தது. ஆடு இரண்டு நாள் உள்ளே கத்தியது. அவருடைய பூட்டின் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து ஹாலிஎல வழியாகப் பதுளைக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து இரும்புக் கடையில் ஒரு பெண் நின்றாள். அக்கா கண்ணாடிக்குள் இருந்த உருண்டைக் கைப்பிடிப் பூட்டைக் காட்டினாள்.

“ரவுண்ட் லொக்கா? பாத்ரூமுக்கா, ரூமுக்கா, ஸ்டோருக்கா?”

“கொட்டகைக்கு.”

“கொட்டகைக்கு யாரு அக்கா ரவுண்ட் லொக் போடுவா? ஆமப்பூட்டு ஒண்ணு போட்டாப் போதுமே.”

“ஆமப்பூட்டுக்கு வளையம் வேணும். வளையம் இருந்தா வாறவன் போறவன் எல்லாம் அவனவன் பூட்ட மாட்டுவான். வளையமே இல்லாதது குடும்மா.”

அந்தப் பெண் அக்காவை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்தாள். முதலாவது குளியலறைக்கு: சாவி இல்லை, உள்ளே ஒரு பொத்தான், வெளியே உள்ள பிளவில் நாணயத்தை வைத்துத் திருகினால் திறந்துவிடும். அக்கா அதைக் கையால் ஒதுக்கினாள். இரண்டாவது அறைக்கு: வெளியே சாவித் துவாரம், உள்ளே பொத்தான். மூன்றாவது களஞ்சியத்துக்கு: வெளியே சாவித் துவாரம், உள்ளே ஒன்றும் இல்லை.

“இது சாத்துனாலே பூட்டிக்கும். உள்ளேருந்து எப்பவும் தொறக்கலாம், வெளியேருந்து சாவிதான். சாவிய உள்ள வச்சிட்டுச் சாத்துனீங்கன்னா தொலஞ்சீங்க.”

“அப்ப வேணாம். நான் மறந்து வச்சிருவேன். அவங்க என்னைய வெளிய தள்ளுறது போக, நானே தள்ளிக்கவா?”

இரண்டாவதை எடுத்தோம். துருப்பிடிக்காத உருக்கு. வெளியே வரும்போது பொத்தானை அமுக்கிவிட்டுச் சாத்த வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். அக்கா தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். கேள்வி கேட்பதே என் தொழில். அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்துக் காம்பரா அண்ணன் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். கதவு போதிய தடிப்பு இல்லை என்றார். உட்பக்கத்தில் இன்னொரு பலகை அடித்தார். வட்டமாகச் சிறு துளைகள் போட்டு, நடுவை உளியால் தட்டி எடுத்தார். நாலு மணிக்குப் பூட்டு பொருந்தியது. அக்கா கதவைத் தள்ளிச் சாத்தினாள். ‘டக்’ என்று சத்தம் கேட்டது.

“தள்ளிப் பாருங்க” என்றாள்.

அண்ணன் தள்ளினார். திறக்கவில்லை. நான் தள்ளினேன். கதவு வெளியே திறப்பது என்று நினைவு வந்து, பலகை விளிம்பைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அண்ணனின் மனைவி வந்தார். லயத்தின் மறுகோடியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் தோளால் மோதினார். கதவு நின்றது. “பங்களாக் கதவு மாதிரி நிக்குதுடி” என்றார் அண்ணனின் மனைவி. எல்லோரும் தேநீர் குடித்தோம்.

லயத்துக் கதவுகளில் கைப்பிடி கிடையாது. தள்ளினால் திறக்கும், இழுத்தால் சாத்தும், உள்ளிருந்து தாழ்ப்பாள் போடலாம். சாத்தியிருக்கும் கதவை யாரும் தொடமாட்டார்கள். வெளியே நின்று கூப்பிடுவார்கள். அன்று அந்தக் கதவைச் சோதித்தவர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர். அத்தனை பேரும் பலகையில்தான் கை வைத்தோம்.

திங்கட்கிழமை நான் ரயிலுக்கு இறங்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குக் கணக்கப்பிள்ளை இரண்டு ஆட்களோடும் மூன்று உர மூட்டைகளோடும் வந்தார். அக்கா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள விதைக் கிழங்கு இருக்கு” என்றேன்.

“தெரியும் தம்பி. அதத்தான எடுக்கச் சொன்னேன்.”

அவர் உருண்டையைப் பிடித்துத் திருகினார். கதவு திறந்தது. தோட்டம் அவருக்குக் கொடுத்த விடுதியில் எல்லாக் கதவுகளும் இப்படித்தான். “பூட்டவே இல்லையேப்பா” என்றார். அதில் கேலி இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். மூட்டைகளை உள்ளே இறக்கினார்கள். ஒரு மூட்டை தட்டில் சாய்ந்தது. எட்டு முளைகள் ஒடிந்தன. அவர்கள் போன பிறகு எண்ணினேன்.

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். ஒடிந்த முளைகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எப்படித் தொறந்தாரு?”

நான் மணிக்கட்டைத் திருகிக் காட்டினேன். அவள் என் கையையே பார்த்தாள்.

“நாம ஒருத்தருமே திருகலையேடா.”

“பட்டன அமுக்கினியா?” என்றேன்.

“அது உள்ள இருக்கறவங்களுக்குன்னு நெனச்சேன். தாழ்ப்பாள் மாதிரி.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“ஏழு பேரு சேந்து முட்டுனோம். அவரு ரெண்டு வெரல்ல தொறந்துட்டாரு” என்றார் அண்ணன். அக்கா சிரித்தாள். பிறகு, “புடிங்க” என்றாள். மூன்று மூட்டைகளையும் வெளியே தூக்கி, பாதையோரத்தில் கற்களை அடுக்கி அவற்றின்மேல் வைத்தோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்து மூட்டைகளின் மேல் போர்த்தினாள்.

“எதுக்குக்கா?”

“நனஞ்சா நான் நனச்சேன்னு எழுதுவாங்க. அவங்க சாமான் அவங்களுக்குக் காஞ்சே கெடக்கட்டும். என் எடத்துல கெடக்க வேணாம்.”

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் பதுளைக்குப் போய், மூன்றாவது வகையை வாங்கி வந்தேன். கடைப் பெண், “சொன்னேன்ல அண்ணே, பட்டன அமுக்கச் சொல்லி” என்றாள். சொன்னாய் என்றேன்.

துளை அதே அளவு. அரை மணி நேரத்தில் மாற்றினோம். இந்த முறை முதலில் திருகினோம். ஏழு பேரும் ஒருவர்பின் ஒருவராகத் திருகினோம். உருண்டை அசையவில்லை. அண்ணன் அதோடு விடவில்லை. தேயிலைச் செடி வெட்டும் தன் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து, கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் நுழைத்து, வளைந்த முனையை நாக்குக்குப் பின்னால் கொடுத்து மெல்ல இழுத்தார். பூட்டின் நாக்கு சரிந்து உள்ளே போனது. கதவு திறந்தது.

“வெளிய தொறக்குற கதவுல இடுக்கு வெளிய தெரியும், நாக்கோட சரிவு உள்ள பாத்திருக்கும். வளஞ்ச கத்தி போதும்” என்றார்.

ஒரு தகரத் துண்டை வெட்டி, இடைவெளியை மூடும்படி கதவின் விளிம்பில் அடித்தோம். கத்தி நுழையவில்லை. சாவிகள் மூன்று. ஒன்றை அக்கா நூலில் கோத்துக் கழுத்தில் போட்டாள். ஒன்று அண்ணனின் மனைவியிடம். ஒன்று என்னிடம்.

புதன்கிழமை நாலரைக்குக் கணக்கப்பிள்ளை வந்தார். மூட்டைகள் பாதையோரத்தில் படங்குக்குக் கீழே இருப்பதைப் பார்த்தார். நேராகக் கதவுக்குப் போய்த் திருகினார். வலப்பக்கம். பிறகு இடப்பக்கம். அக்கா எடை போடும் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு அப்போதுதான் வந்தாள்.

“சாவி?”

“இருக்குங்க ஐயா.”

“குடும்மா.”

“தர மாட்டேங்க ஐயா.”

லயத்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அவர் கதவுக் கம்பத்தில் கொண்டி இருந்த இடத்தைப் பார்த்தார். மூன்று ஆணித் துளைகள் இருந்தன. அண்ணன் அவற்றில் மூங்கில் முளை அடித்து அடைத்திருந்தார்.

“தொரைக்கு எழுதித்தான் குடுப்பேன்.”

“குடுங்க. நான் தர மாட்டேன்னு சொன்னேன்னே எழுதுங்க. கொட்டகை காலின்னு மட்டும் எழுதிறாதீங்க.”

அவர் பாதையோரத்தின் பக்கம் திரும்பினார். “மழையில கெடக்குது” என்று மூட்டைகளைக் காட்டினார்.

“நனையலைங்க. தொட்டுப் பாருங்க. படங்க மட்டும் திருப்பிக் குடுத்துருங்க, வேலைக்கு வேணும்.”

அன்று மாலையே ஆட்கள் வந்து மூட்டைகளைக் கொழுந்து மடுவத்துக்குத் தூக்கிப் போனார்கள். படங்கு கொடியில் போடப்பட்டிருந்தது.

வியாழக்கிழமை அக்கா பெரட்டுக்குப் போகவில்லை. ஓடையோரத்தில் கிழங்கு நட்டோம். நண்பகலில் அவள் தட்டுகளைத் திருப்பி வைத்துவிட்டு, சாவியை உள்ளே மறந்து, கதவைச் சாத்தினாள். குனிந்து நட்டபோது கழுத்தில் ஆடுகிறதென்று கழற்றித் தட்டில் வைத்திருக்கிறாள். நான் என் சாவியைத் தேடி எடுப்பதற்குள் அண்ணனின் மனைவி தன்னிடம் இருந்த சாவியோடு வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

கடைசியாக நான் லயத்துக்குப் போனபோது பெரட்டுப் பக்கம் நடந்தேன். மேசைக்குப் பின்னால் உள்ள ஆணியில் அந்தக் கொண்டி தொங்கியது. சிவப்புப் பூட்டும் சின்னப் பூட்டும் ஒரே வளையத்தில் இருந்தன.