பளபளவென்று பதினோரு காசு

என் வீட்டுக்காரர் ஜெபக்குமாரை வேலம்பாளையத்தில் எல்லாரும் தங்கமான மனிதர் என்பார்கள். குடி கிடையாது, பீடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்தத் தங்கத்தோடு பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவள் நான்.

சாத்தான்குளத்திலிருந்து பத்தொன்பது வயதில் பனியன் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்கு வந்தவர், இன்றும் பேக்கிங்தான். நான் அதே கம்பெனியில் செக்கிங். நாள் முழுக்க நின்றுகொண்டே டி-ஷர்ட்டைப் புரட்டிப் புரட்டிக் கறை பார்க்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு பச்சையாகப் புடைத்துக் கிடக்கிறது. நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நிற்காமல் செக்கிங் பார்க்க எந்தக் கம்பெனியில் விடுவான்?

அதனால் எனக்கு ஒரே ஆசை. முன்னறையில் பனியன் தைக்கிற ஒரு ஓவர்லாக் மெஷின், ஒரு ஃபிளாட்லாக் மெஷின். ஜாப் ஒர்க் வாங்கி, உட்கார்ந்து தைக்க வேண்டும். தீபாவளி போனஸ் வரும்போதெல்லாம் கேட்பேன். அவரோ போனஸை எடுத்துக்கொண்டு காசு வாங்கப் போய்விடுவார்.

காசு கொடுத்துக் காசு வாங்குகிற கூத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. விழாவுக்கும் நூற்றாண்டுக்கும் அரசாங்கம் வெள்ளிக் காசு அடித்து விற்கிறது. அதைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் நீட்ட முடியாது. பெட்டிக்குள் வைத்திருப்பதற்கென்றே அடிப்பது. இத்தனைதான் அடிப்பார்கள், பிறகு அடிக்கவே மாட்டார்கள், அதனால் வருடம் போகப் போக விலை ஏறும் என்பது அவர் கணக்கு. பத்து வருடத்தில் பன்னிரண்டு காசு சேர்த்தார். இரண்டு வருடம் என் போனஸும் அதற்குள் போனது.

ஒரு நாளாவது என் கையில் கொடுத்துக் காட்டியிருப்பாரா? தகரப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, சாவி இவர் அரைஞாண் கயிற்றில்.

"அதுல அப்படி என்னதாங்க இருக்கு? எனக்கும் சொல்லுங்களேன்."

"உனக்கு வெளங்காது, ரோசு."

இதுதான் பதில், பத்து வருடமாக. ஆயிரம் உருப்படியில் ஊசி முனை அளவு எண்ணெய்க் கறையைக் கண்டுபிடிக்கிறவளுக்கு ஒரு காசு விளங்காதாம்!

போன மாதம் கடைசியாக வாயைத் திறந்தார். இங்கேயே ராயபுரத்தில் பழைய காசு வாங்குகிற லிங்கசாமி என்பவர் எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நல்ல விலை போகும், இரண்டு மெஷினும் வாங்கிவிடலாம் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் ஒரு முட்டாள்.

போகிற முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், எடுத்துவைப்பதற்காகக் காசுகளை டப்பாவிலிருந்து எடுத்துக் கட்டிலில் துண்டு விரித்து அடுக்கிவிட்டு, அவசர ஷிப்மென்ட் என்று கம்பெனிக்கு ஓடினார். நான் அப்போதுதான் காசை நன்றாகப் பார்த்தேன். ஐயோ, அத்தனையிலும் கறை! ஓரத்தில் மஞ்சள், நடுவில் கறுப்பு. மறுநாள் வாங்குகிறவர் பார்க்கப் போகிறார்.

எங்கள் கம்பெனியில் சரக்கு வாங்குகிற பையர் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாள் என்ன செய்வோம்? ஒரு உருப்படி விடாமல் கறை எடுப்போம். ஒரு பொட்டு இருந்தாலும் மொத்த லாட்டும் ரிஜெக்ட். கை அதற்கே பழகிப் போயிருக்கிறது. காசு ஒவ்வொன்றையும் மூடியிருந்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடிகளை நூல் வெட்டும் கத்தரி நுனியால் நெம்பித் திறந்தேன். புளி போட்டு ஊறவைத்து, பல்பொடி தொட்டு, பனியன் துணியால் ஒவ்வொன்றையும் தேய்த்தேன். மூன்று மணி நேரம், இந்தக் காலோடு. பதினோரு காசும் பளபளவென்று வந்துவிட்டன. பன்னிரண்டாவதின் மூடி மட்டும் என்ன செய்தும் திறக்கவில்லை. அந்த ஒன்றால் எல்லாம் ரிஜெக்ட் ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே, எல்லாவற்றையும் முன்பு இருந்தபடியே மூடி அதனதன் டப்பாவில் வைத்தேன். அவர் வந்து டப்பாவை எண்ணிப் பெட்டியில் பூட்டினாரே தவிர, ஒன்றையும் திறக்கவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். லிங்கசாமி உறை போட்ட விரலால் முதல் காசின் ஓரத்தைப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏனுங்க, இதையெல்லாம் தேய்ச்சது யாருங்க?"

ஜெபக்குமார் காசைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க. ஒரே கறையா இருந்துச்சு" என்றேன்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மிணி. தேய்ச்ச காசை சேர்க்கறவங்க தொட மாட்டாங்க. பாருங்க, பூராவும் கீறல். இனி இது வெள்ளி எடைக்குத்தானுங்க போகும்."

திறக்காத அந்த ஒரு காசை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அருமைங்க. கறுப்பு தானா ஏறியிருக்குது. கம்மியா அடிச்ச காசெல்லாம் ஏறிடாதுங்க, கைபடாம இருக்கோணும், கேக்கறதுக்கு ஆளும் இருக்கோணும்" என்று ஒரு விலை சொன்னார். அந்த ஒன்றின் விலை, தேய்த்ததில் ஐந்து காசின் வெள்ளி விலைக்குச் சமம். மனதுக்குள் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு மெஷினும் வந்து, கையிலும் மிஞ்சியிருக்கும்.

"இவளுக்கு ஒண்ணும் வெளங்காதுங்க. எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டா" என்றார் என் வீட்டுக்காரர், லிங்கசாமியிடம்.

எனக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "காசைத் தேய்க்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை! பத்து வருசத்துல ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னீங்களா? பூட்டத் தெரிஞ்ச உங்களுக்கு வாயத் திறக்கத் தெரியலையா? என் போனஸு அதுல கிடக்கும்போது எனக்கு வெளங்கிச்சா, வெளங்கலையான்னு கேட்டீங்களா?" என்று கத்தினேன். கடை வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

லிங்கசாமி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்று நானே சொல்லி, பணத்தை நானே வாங்கி, பைக்கில் ஏறினேன்.

"வீட்டுக்குப் போக வேண்டாம். மெஷின் கடைக்கு விடுங்க."

பணம் ஒரு ஓவர்லாக்குக்குத்தான் சரியாக இருந்தது. சாயங்காலமே முன்னறையில் வந்து இறங்கிவிட்டது. பக்கத்தில் ஃபிளாட்லாக்குக்கு விட்ட இடம் காலியாகக் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும், வரட்டும்.

அவர் மெல்ல வந்து மெஷின் பக்கத்தில் நின்றார். நூல் கோர்க்கும் இடத்தில் விரலை வைக்கப் போனார்.

"கைய எடுங்க. உங்களுக்கு வெளங்காது."

சுண்டிப்போன முகத்தோடு கையை இழுத்துக்கொண்டார். அப்படியே நிற்கட்டும் என்று ஒரு நிமிடம் விட்டேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். எந்த நூல் எந்த ஊசிக்குப் போகிறது, எங்கே தொட்டால் கத்தி விரலை வெட்டும், எங்கே தினம் எண்ணெய் விட வேண்டும் என்று முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன். ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னேன்.